தங்க வேட்டை நாவலைப் பிள்ளைகளோடு பேசுவது எப்படி?

1848-ல் தங்கம் கிடைத்த சேதி கேட்டுக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கிளம்பிப் போன கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் நடக்கும் ஒரு சிறுவர் சாகச நாவலைப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கதை எப்படி?" என்றால் "சூப்பர்" என்பார்கள். "யாரைப் பிடித்தது?" என்றால் கதாநாயகன் பெயரைச் சொல்வார்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். பேராசை கூடாது, நட்புதான் பெரிது என்று இரண்டு வரி ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும்.

ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் பேசுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. தங்க வேட்டை நாவல்களுக்கு நான் நம்பிக் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான். கதையில் வரும் தங்கம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று விடாமல் பின்தொடர்வது. ஆற்று மணலில் கிடந்த ஒரு சிட்டிகைத் தூள் கடைசியில் யார் பையில் போய் விழுந்தது? இதைத் தேடிப் போனால் கதைமாந்தர், சரித்திரம், நியாயம், அநியாயம் எல்லாம் வழியிலேயே வந்துவிடும். கேள்விகளையும் பிள்ளைகளே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பென்சிலோடு ஒரு முறை

முதல் முறை நீங்களும் கதைக்காகவே படியுங்கள். கப்பல் புயலில் மாட்டும்போது உங்களுக்கும் பதற வேண்டும். பதறாதவரோடு பேசப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. இரண்டாவது முறை பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்று வகையான இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். பணமோ தங்கமோ கை மாறும் இடம். யாராவது பொய் சொல்லும் இடம். பெயரே இல்லாமல் ஒருவர் வந்து போகும் இடம். மூன்றாவது வகையைத் தவறவிடாதீர்கள். "ஒரு சீனர்", "ஆற்றோரத்தில் சில பூர்வகுடிகள்", "சமையல்காரப் பெண்" என்று ஒரே வரியில் வந்து ஒரே வரியில் மறைந்துவிடுவார்கள்.

இந்தக் கோடுகளே போதும். முப்பது கேள்வி எழுதிக்கொண்டு போனால் அந்த முப்பதையும் கேட்டு முடிப்பதிலேயே உங்கள் கவனம் இருக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொல்வது காதில் விழாது. ஆறு முதல் எட்டுப் பேர் இருந்தால் நல்லது. நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் தாள், ஆளுக்கொரு பேனா, ஓர் உலக வரைபடம். புத்தகத்தை எல்லாரும் கையில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் "எந்தப் பக்கம்?" என்று அடிக்கடி கேட்கப்போகிறீர்கள்.

வழியிலிருந்து தொடங்குங்கள்

இந்த நாவல்கள் பெரும்பாலும் ஒரு புறப்பாட்டில்தான் தொடங்கும். வீட்டில் கடன், அப்பா இல்லை, நிலம் கைவிட்டுப் போகப்போகிறது, பையன் தங்கம் தேடிக் கிளம்புகிறான். அதனால் முதல் கேள்வி வரைபடத்தின் மேல் இருக்கட்டும்: "எந்த வழியாகப் போனான்? வேறு வழி இருந்ததா?"

1849-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போக முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, தென் அமெரிக்காவின் தென்கோடியில் கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு கப்பலில் போவது. 20,000 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். இரண்டாவது, பனாமா வரை கப்பல், அப்புறம் சாக்ரஸ் ஆற்றில் படகு, காட்டுப் பாதையில் கோவேறு கழுதை, மறுகரையில் அடுத்த கப்பலுக்காகக் காத்துக் கிடப்பது. நாள் மிச்சம், ஆனால் காய்ச்சலும் காலராவும் காத்திருந்தன. மூன்றாவது தரைவழி. மிசௌரி பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். மாடுகளுக்குப் புல் முளைத்த பிறகுதான் கிளம்ப முடியும், சியரா நெவாடா மலையில் பனி விழுவதற்குள் அதைக் கடந்தாக வேண்டும். இந்த வழியில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய்தான், குறிப்பாகக் காலரா. சினிமாவில் பார்த்த அம்புச் சண்டைகளை நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி.

யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "ஏன் பனாமா கால்வாயில் போகவில்லை?" நல்ல கேள்வி. கால்வாய் திறந்ததே 1914-ல்தான். அந்த இடத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் 1855-ல்தான். நாவலின் பையன் போகும்போது இரண்டுமே இல்லை.

இனித்தான் இலக்கியப் பேச்சு. "மூன்று வழி இருக்கும்போது எழுதியவர் இதை ஏன் எடுத்தார்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் கொஞ்சம் திணறட்டும். பிறகு வந்துவிடும். கப்பல் என்றால் வில்லனும் நாயகனும் மாதக்கணக்கில் ஒரே பலகைகளுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும், யாரும் எங்கும் ஓட முடியாது, ஒளிந்துகொண்டு வரும் பையனுக்குப் பீப்பாயும் சாக்குமூட்டையும் உண்டு. தரைவழி என்றால் தினமும் புது இடம், புது மனிதர்கள், ஆறு குறுக்கிடும், சக்கரம் உடையும். இப்படி வழியே கதையின் வடிவத்தைத் தீர்மானிப்பது பிள்ளைகளுக்குப் புரியும் நிமிடம் அழகானது. "அப்படின்னா பனாமா வழியில் வேறு மாதிரிக் கதை வந்திருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பேச்சைத் தடுக்காமல் கால் மணி நேரமாவது ஓட விடுங்கள்.

ஒரு தட்டு மணல்

இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேசிப் பேசிப் புரியவைக்க முடியாததை ஒரு தட்டு மணல் புரியவைத்துவிடும்.

விளிம்பு உயர்ந்த அகலமான தட்டு, ஒரு பெரிய தொட்டித் தண்ணீர், கூழாங்கல் கலந்த ஆற்று மணல். மணலுக்குள் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள் நாலைந்தைப் புதைத்துவிடுங்கள். தட்டைத் தண்ணீருக்குள் முக்கி, விரலால் மணலைக் கிளறிக் களிமண்ணைக் கரைக்க வேண்டும். பிறகு தட்டை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். கனமானது அடியில் இறங்கும், லேசானது மேலே வரும். இப்போது தட்டை வெளிப்பக்கம் சாய்த்து, தண்ணீர் மெல்லச் சுற்றி வரும்படி அசைத்தால் மேல்மணல் விளிம்பு வழியாக வழிந்து போகும். மறுபடி முக்கு, மறுபடி ஆட்டு, மறுபடி வழியவிடு. அரிசியில் கல் அரிக்கிற அதே கை அசைவுதான். ஆனால் இங்கே கல்லைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் போக வேண்டும்.

பிள்ளைகள் அவசரப்படுவார்கள். ஒரே சாய்ப்பில் குண்டும் மணலோடு தொட்டிக்குள் போய்விடும். இரும்பு மணலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், தங்கமோ ஏழு மடங்கு. அந்தக் கனம் ஒன்றை நம்பித்தான் அத்தனை பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் கை சில்லிடும், முதுகு பிடிக்கும். அப்போது சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு ஐம்பது தட்டு வரை அரித்தார்கள், நின்றது பனி உருகி ஓடிவரும் மலை ஆற்றில், பெரும்பாலான தட்டுகளில் கிடைத்தது மினுக்கும் ஒன்றிரண்டு துகள்கள் மட்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு உடனே நாவலில் நாயகன் முதல் முறை தங்கம் காணும் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். ஈரக் கையோடு கேட்கும்போது அதே அத்தியாயம் வேறு மாதிரி இருக்கும். ஒரு முறை ஒரு சிறுமி, "இதை எழுதினவர் தட்டைத் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டார், முதல் தட்டிலேயே கட்டி கிடைக்குமா?" என்று சண்டைக்கு வந்தாள். பக்கத்திலிருந்த பையன் விடவில்லை. இரண்டு பக்கம் புரட்டி, பையனின் சட்டைக் கை நனைந்து விறைத்துப் போனதாக வரும் வரியைக் காட்டி, "தொடாமல் இதை எப்படி எழுத முடியும்?" என்றான். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. புத்தகத்துக்குள்ளிருந்தே சாட்சி எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்களே, அதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கேயே கண்டுபிடிப்பின் கதையையும் சொல்லிவிடலாம். 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில், ஜான் சட்டர் என்பவருக்காக மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் வாய்க்காலில் மஞ்சள் துணுக்குகளைக் கண்டார். கல்லில் வைத்து அடித்துப் பார்த்தார். பொன் போல மினுங்கி ஏமாற்றும் பைரைட் என்றால் நொறுங்கியிருக்கும், இது தட்டையானது. அங்கே சமையல் வேலை பார்த்த ஜென்னி விம்மர் சோப்புக் காய்ச்சும் காரக் கொப்பரையில் அதைப் போட்டுக் கொதிக்கவைத்தார். மறுநாள் எடுத்தபோது பளபளப்புக் குறையவில்லை. உங்கள் நாவலில் நாயகன் தன் தங்கத்தைச் சோதிக்கிறானா, சோதிக்காமலே நம்பிவிடுகிறானா என்று தேடச் சொல்லுங்கள். அவனுடைய குணத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தட்டைவிடத் தொட்டில் என்ற ஆட்டும் பெட்டியில் அதிக மணலைக் கழுவலாம், ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஒருவர் தோண்ட, ஒருவர் சுமக்க, ஒருவர் ஆட்ட, ஒருவர் தண்ணீர் ஊற்ற. இந்த நாவல்களில் நட்பும் கூட்டாளிகளும் இவ்வளவு பெரிதாக வருவதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம். "நல்லவன் என்பதால் நண்பனானானா, ஆள் தேவைப்பட்டதால் நண்பனானானா?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்காரர்கள் இதை விடவே மாட்டார்கள்.

சிட்டிகைத் தூளின் பயணம்

இப்போது வெள்ளைத் தாள். ஒரு மூலையில் ஆற்றை வரையச் சொல்லுங்கள். பென்சில் கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தங்கம் போன திசையில் அம்புக்குறி போட வேண்டும். ஆற்றிலிருந்து பையனுக்கு. பையனிடமிருந்து மாவு விற்றவருக்கு. கத்தரி பிடித்து முடி வெட்டியவருக்கு. சூதாட்டக் கூடாரத்துக்கு. திருடனுக்கு. தாளில் இடம் போதாமல் போகும். பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம்.

கூடவே சில விலைகளைப் போட்டு வையுங்கள். அப்போது கிழக்குப் பகுதியில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் நாள் கூலி ஏறக்குறைய 1 டாலர். சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அவுன்ஸ் தங்கத்தூளுக்கு 16 டாலர் வாக்கில் கிடைத்தது. கேட்கும்போதே பிள்ளைகள் கண் விரியும். அடுத்த வரியைச் சொல்லுங்கள்: சுரங்கப் பகுதியில் ஒரு முட்டை 1 டாலர். ஒரே ஒரு முட்டை! "ஏன்?" என்று அவர்களையே கேளுங்கள். கோழி வளர்க்க ஆளில்லை, எல்லாரும் தோண்டப் போய்விட்டார்கள். சரக்கு தூரத்திலிருந்து வர வேண்டும். வந்த கப்பலிலிருந்து மாலுமிகளும் இறங்கி மலைக்கு ஓடிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளில்லாமல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்றன. சிலவற்றைக் கரைக்கு இழுத்துக் கிடங்காகவும் விடுதியாகவும் ஆக்கினார்கள். நயான்டிக் என்ற கப்பல் அப்படித்தான் கட்டடமானது. யூஃபீமியா என்ற கப்பல் சிறைச்சாலையானது. விரிகுடாவைத் தூர்த்து நகரம் வளர்ந்தபோது பல கப்பல்கள் தெருக்களுக்கு அடியிலேயே புதைந்தன. அழுக்குத் துணியை ஹவாய்க்குக் கப்பலில் அனுப்பித் துவைத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். இந்த மாதிரிச் சங்கதி நாவலில் வந்தால் பிள்ளைகள் கட்டுக்கதை என்றே நினைப்பார்கள். உண்மை எது, ஆசிரியர் சேர்த்த உப்புப் புளி எது என்று பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும்.

அம்புக்குறிகள் எல்லாம் போட்டு முடித்ததும் தாளைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றிலிருந்து புறப்பட்ட அம்புகள் எங்கே போய்க் குவிகின்றன? கடையில். படகுக்காரரிடம். சமைத்துப் போட்டவரிடம். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகு சாம் பிரானன் பற்றிச் சொல்லலாம். சட்டர் கோட்டைப் பக்கம் கடை வைத்திருந்த வியாபாரி. சரக்கையெல்லாம் முதலில் வாங்கி அடுக்கிக்கொண்டு, 1848 மே மாதம் ஒரு குப்பியில் தங்கத்தூளை எடுத்துக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ தெருவில் "தங்கம்! அமெரிக்கன் ஆற்றில் தங்கம்!" என்று கத்திக்கொண்டு போனவர். 20 சென்ட் தட்டு அவர் கடையில் 15 டாலருக்கு விற்றதாகச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்துக் காத்திருங்கள்: "நாவலில் வில்லன் எவ்வளவு தங்கத்தைத் திருடினான்? கடைக்காரர் எவ்வளவு வாங்கினார்? இரண்டில் எது அதிகம்?" அறை இரண்டாகப் பிரியும். விலை கேட்டுச் சம்மதித்து வாங்கியது திருட்டாகாது என்று ஒரு பக்கம். வேறு வழியில்லாதவனிடம் கேட்பது சம்மதமா என்று இன்னொரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கமும் சேராமல், சரக்கு கொண்டுவருவதில் அந்த வியாபாரிக்கும் செலவும் ஆபத்தும் இருந்ததை மட்டும் நினைவுபடுத்துங்கள். நாவலாசிரியர் ஏன் திருடனுக்கு முகத்தில் தழும்பு கொடுத்தார், கடைக்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை என்பது அதற்கு அடுத்த கேள்வி. சாகசக் கதைகள் தீமையை எப்படி அடையாளம் காட்டுகின்றன என்ற பெரிய விஷயம் அந்தத் தழும்பில் இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம். லீவை ஸ்ட்ராஸ் அந்தச் சுரங்கக்காரர்களுக்கு ஜீன்ஸ் விற்றார் என்று பிள்ளைகள் எங்கேயோ படித்துவிட்டு வருவார்கள். அவர் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தது 1853-ல். உலோகக் குமிழ் வைத்த கால்சட்டைக்கு அவரும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது 1873-ல். அதற்குள் தங்க வேட்டை முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது.

பெயரில்லாதவர்கள்

இந்தப் பகுதிக்கு நேரத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன கடைசிப் பத்து நிமிடத்தில் செய்கிற வேலை இல்லை இது. எனக்கு இந்தப் பேச்சில் முக்கியமான இடமே இதுதான்.

மூன்றாவது வகைக் கோடுகளை எடுங்கள். அந்த ஒரு வரி மனிதர்களைப் பற்றி இரண்டே கேள்வி: "இவர் கதையில் பேசுகிறாரா? தாளில் இவருக்கு அம்புக்குறி வருகிறதா?" பெரும்பாலும் இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும். அப்புறம் சொல்லுங்கள். தங்கம் கிடைத்த கொலோமா, நிசெனான் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1848 கோடையில் சுரங்கப் பகுதியைச் சுற்றிப் பார்த்த ராணுவ ஆளுநர் ரிச்சர்டு மேசன் எழுதிய அறிக்கையில், அங்கே வேலை செய்த ஏறக்குறைய 4,000 பேரில் பாதிக்கு மேல் பூர்வகுடிகள் என்று இருக்கிறது. அதாவது முதலில் தட்டைப் பிடித்தவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். அடுத்த வருஷம் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் அவர்களை விரட்டினார்கள், கொன்றார்கள். 1850-ல் வந்த ஒரு கலிபோர்னியச் சட்டம் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ள வழி செய்தது. "பாதுகாப்பு" என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. 1848-ல் ஏறக்குறைய 1,50,000 பேராக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகள் 1870 வாக்கில் 30,000 பேராகக் குறைந்தார்கள். 2019-ல் மாநில ஆளுநர் இதற்காக முறையாக மன்னிப்புக் கேட்டார்.

மெக்சிகோக்காரர்களின் கதையை இரண்டு தேதிகளில் சொல்லிவிடலாம். தங்கம் கிடைத்தது 1848 ஜனவரி 24. கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் மெக்சிகோ கையெழுத்திட்டது பிப்ரவரி 2. ஒன்பது நாள் இடைவெளி. கையெழுத்திட்டவர்களுக்குத் தங்கச் செய்தியே தெரியாது. சேதி தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகள் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். 1850-ல் வெளிநாட்டுச் சுரங்கக்காரர்களுக்கு மாதம் 20 டாலர் வரி வந்தது. அது அடுத்த வருஷமே போனாலும், 1852-ல் வேறு வடிவத்தில் திரும்பி வந்து சீனர்கள் தலையில் விழுந்தது. 1854-ல் மாநில உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. "உன் தங்கத்தை ஒருவன் உன் கண்முன்னால் பிடுங்குகிறான், நீ நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. என்ன செய்வாய்?" என்று கேட்டால் எந்த வயதுப் பிள்ளைக்கும் அந்தத் தீர்ப்பு புரியும்.

ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தயங்குவீர்கள். நேராக, சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். நிலத்தைப் பிடுங்கினார்கள், பலரைக் கொன்றார்கள், பிள்ளைகளை வேலைக்கு இழுத்துப் போனார்கள். கோர விவரம் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். எண்களையும் சட்டங்களையும் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாவலாக இருந்தால் ஒரு இனத்தாரை இழிவாகச் சொல்லும் சொற்கள் இருக்கும். அவை வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, உரக்கப் படிக்கும்போது அந்தச் சொல்லை நான் விட்டுவிடுவேன். புத்தகத்தையே தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆசிரியருக்காகச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். கதையை ரசித்த அதே பிள்ளைக்கு அதன் மேல் கோபமும் வரலாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவர்களால் முடியும்.

அந்த ஒரு வரி மனிதரின் பார்வையில் ஓர் அரைப்பக்கம் எழுதச் சொல்வது நல்ல பயிற்சி, ஒரு கட்டுப்பாட்டோடு. அவருடைய சடங்கு, நம்பிக்கை, மொழி எதையும் கற்பனையில் இட்டுக்கட்டக் கூடாது. அவர் கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுத வேண்டும். கலங்கிப்போன ஆறு, மீன் வராத வெள்ளம், வெட்டிச் சாய்த்த ஓக் மரங்கள், ஒரே வாரத்தில் முளைத்த கூடாரங்கள், தட்டோடு குனிந்து நிற்கும் நம் கதாநாயகன். கடைசியில் வருகிற அந்தக் கதாநாயகனை எப்படி எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள்.

முடிவைப் பேசும்போது

இந்த நாவல்களின் முடிவில் தங்கம் பெரும்பாலும் தொலைந்துவிடும், அல்லது தேவையான அளவுக்கு மட்டும் மிஞ்சும். "நியாயமான முடிவா?" என்று கேட்பதற்கு முன்னால் நிஜ மனிதர்களின் முடிவை வையுங்கள். தங்கத்தைக் கண்டெடுத்த மார்ஷல் ஏழையாக 1885-ல் இறந்தார். நிலத்தை வந்தேறிகளிடம் பறிகொடுத்த சட்டர், நஷ்டஈடு கேட்டு அமெரிக்கக் காங்கிரஸிடம் மனுப்போட்டுப் போட்டு 1880-ல் இறந்தார். பிரானனின் செல்வமும் கரைந்து போனது. மாறாக, சாக்ரமெண்டோவில் மளிகை, துணி, இரும்புச் சாமான் விற்ற ஸ்டான்ஃபோர்டு, குரோக்கர், ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ் என்ற நான்கு பேர் கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்ட கம்பெனியின் முதலாளிகள் ஆனார்கள். அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1869-ல் அது முடிந்தது. தாளில் இன்னும் சில அம்புகள் கூடும். உங்கள் நாவலின் முடிவு இவர்களில் யாருடைய முடிவுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பேசினால், "பேராசை கூடாது" என்ற பதிலுக்கு வேலையே இருக்காது.

ஆற்றையும் கேளுங்கள், சுருக்கமாக. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் ஊற்றினார்கள். 1853 முதல் பீய்ச்சும் நீரால் மலைகளையே கரைத்தார்கள். சேறு வயல்களை மூடி விவசாயிகள் வழக்குப் போட, 1884-ல் நீதிமன்றம் அந்தக் கழிவை ஆற்றில் விடத் தடை போட்டது. பாதரசம் இன்னும் அந்த ஆறுகளில் கிடக்கிறது.

பேசாத பிள்ளையை வம்புக்கு இழுக்காதீர்கள். அம்பு போடும் பேனாவை அவர் கையில் கொடுத்தால் போதும், எங்கே போடுவது என்று கேட்கவாவது வாய் திறப்பார். புத்தகம் படிக்காமல் வந்தவரைத் தட்டு அரிக்க விடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரத்தை இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொள்ளலாம், வழியும் தட்டும் ஒரு நாள், மற்றவை இன்னொரு நாள். பதில் கிடைக்காத கேள்விகளைத் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், யார் கேட்டது என்ற பெயரோடு.

அடுத்த புத்தகத்துக்கு, 1896-ல் கனடாவின் யூகான் பகுதியில் தொடங்கிய கிளாண்டைக் தங்க வேட்டையைப் பற்றிய கதை ஏதாவது நன்றாகப் பொருந்தும். அங்கே ஓராண்டுக்கான சாமான், ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாதவரை எல்லையிலேயே போலீஸ் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு விதியை மட்டும் சொல்லிவிட்டு, முதல் அம்பு இந்தக் கதையில் எங்கே போகும் என்று படிப்பதற்கு முன்பே ஊகித்து எழுதி வைக்கச் சொல்லலாம்.